முடிவெடுக்கும் குடும்பமும் பக்கத்தில் நிற்கும் செவிலியரும்

மரணத்தை நெருங்கிவிட்ட ஒருவருக்கு இனி என்ன சிகிச்சை என்பதை அவருடைய குடும்பம் தீர்மானிக்க வேண்டிவரும்போது, அந்தக் குடும்பத்தோடு செவிலியர் என்ன பேசலாம், எதுவரை பேசலாம்? செயற்கை சுவாசத்தைத் தொடர்வதா, டயாலிசிஸ் தொடங்குவதா, இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல்வதா, வலியை மட்டும் தணித்துவிட்டு மற்றதை நிறுத்துவதா என்ற முடிவுகளைச் சட்டமும் மருத்துவ மரபும் மருத்துவரின் பொறுப்பில் வைத்திருக்கின்றன. ஆனால் மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்களே படுக்கையருகே இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் அங்கே இருப்பவர் செவிலியர். "சிஸ்டர், டாக்டர் சொன்னதுக்கு என்ன அர்த்தம்?", "உங்க அப்பாவா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்ற கேள்விகள் முதலில் வந்து சேர்வது அவரிடம்தான்.

இதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. செவிலியர் பேசவே கூடாது என்றார்கள். பிறகு நோயாளியின் சார்பில் பேச வேண்டும் என்றார்கள். பயிற்சி கொடுத்தால் முறைப்படி உரையாடலை நடத்தலாம் என்றார்கள். குடும்பமே மையமாக உள்ள சமூகங்களில் அளவுகோலே வேறாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. ஒரு பதில் வந்ததும் முந்தையது மறைந்துவிடவில்லை. இன்றைக்கும் ஒரே வார்டில் இவை எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. இவை அனைத்தும் செவிலியரின் பேச்சுத் திறனைப் பற்றி அதிகம் கவலைப்பட்டன. அவர் கேட்டறிந்ததற்கு முடிவில் என்ன இடம் என்பதைப் பற்றிக் குறைவாகவே கவலைப்பட்டன என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

சொல்லாதிருப்பதே கடமை

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 1847ஆம் ஆண்டு நெறிமுறை, மோசமான முன்கணிப்பை நோயாளியிடம் சொல்ல மருத்துவர் முந்தக் கூடாது என்றது. ஆபத்தை உரிய நேரத்தில் நெருங்கியவர்களிடம் தெரிவிக்கத் தவறக் கூடாது என்றும் சொன்னது. குடும்பத்துக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது என்ற ஏற்பாடு கீழை நாடுகளுக்கே உரியது என்று இன்று பலர் நினைக்கிறார்கள். மேற்கத்திய மருத்துவமும் நெடுங்காலம் அதைத்தான் எழுத்தில் வைத்திருந்தது. 1961இல் டொனால்ட் ஓகன் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979இல் நடந்த இன்னொரு ஆய்வில் 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனம் இப்படித் தலைகீழாக மாறியது வியப்புக்குரியது.

செவிலியருக்கு இந்த ஏற்பாட்டில் தரப்பட்ட இடம் மௌனம். 1893இல் டெட்ராய்ட்டில் உருவாகி, இன்றும் நம் செவிலியர் கல்லூரிகளின் விளக்கேற்று விழாக்களில் ஒலிக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழி மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்பதை வலியுறுத்துகிறது. உறுதிமொழியைத் தன் பெயரில் கொண்ட நைட்டிங்கேலோ 1859இல் வெளியான தம் நூலில், நோயாளிக்குப் பொய்யான ஆறுதல் வார்த்தைகள் சொல்வதைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருந்தார். இந்த முரண் பின்னால் வந்தவர்களால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

மௌனத்தின் விலையை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து மருத்துவமனைகளைக் கவனித்து 1965இல் அவர்கள் வெளியிட்ட நூல், சாகப்போவதை யார் அறிந்திருக்கிறார்கள் என்பதை வைத்து நான்கு நிலைகளைப் பிரித்தது: நோயாளிக்குத் தெரியாத நிலை, அவர் சந்தேகப்படும் நிலை, எல்லாருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடந்துகொள்ளும் நிலை, வெளிப்படையான நிலை. முதல் மூன்றையும் நாள் முழுக்கச் சுமந்து நின்றவர்கள் செவிலியர்கள். அந்த ஆய்வுக் குழுவில் இருந்த செவிலியர் ஜீன் குவின்ட் 1967இல் எழுதிய நூல், சாகும் நோயாளியோடு பேசச் செவிலியருக்குக் கற்றுத்தரப்படவே இல்லை என்பதை அம்பலப்படுத்தியது.

இந்தப் பழைய நிலைப்பாட்டை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆளுக்கொரு தகவல் சொன்னால் குடும்பம் குலைந்துபோகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரே குரல் வேண்டும் என்ற கவலை நியாயமானது. அந்த ஒரு குரல் மருத்துவருடையதாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் வலுவான காரணம் காட்டப்படவில்லை.

நோயாளியின் சார்பில்

1976இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜோலின் டூமா என்ற செவிலியர் ஆசிரியை, ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கவிருந்த ஒருவரோடும் அவர் குடும்பத்தாரோடும் மாற்று வழிகளைப் பற்றிப் பேசினார். கேட்டவர் அந்த நோயாளிதான். மருத்துவரிடமிருந்து புகார் போனது. மருத்துவர்-நோயாளி உறவில் குறுக்கிட்டார் என்று டூமாவின் உரிமம் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டது. 1979இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. ஆனால் அது சொன்ன காரணம், எது தொழில்முறைக்கு ஒவ்வாத நடத்தை என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை என்பதுதான். செவிலியருக்குப் பேசும் உரிமை உண்டா என்ற கேள்வி நீதிமன்றத்தின் வாசல்வரை வந்து, தீராமலே திரும்பியது.

அந்தக் காலத்தில்தான், நோயாளிக்காக வாதாடுபவரே செவிலியர் என்ற கருத்து வேகம் பெற்றது. லியா கர்ட்டின், சாலி கேடோ ஆகியோர் அதற்குத் தத்துவ அடித்தளம் தந்தார்கள். ஜெரால்ட் வின்ஸ்லோ 1984இல் எழுதிய கட்டுரை, விசுவாசத்திலிருந்து வாதாடலுக்குச் செவிலியத்தின் தன்னடையாளம் நகர்ந்துவிட்டதாகக் கூறியது. அதே ஆண்டு ஆண்ட்ரூ ஜேம்டன், சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனத் தடைகளால் அதைச் செய்ய முடியாத செவிலியரின் மன வேதனைக்கு ஒரு பெயர் கொடுத்தார்: அறநெருக்கடி. பயனில்லை என்று தாம் கருதும் சிகிச்சையைத் தம் கையாலேயே தொடர்ந்து செலுத்த வேண்டியிருப்பவர்களின் துயரத்தை அந்தக் கருத்து முதன்முறையாகப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

இதில் ஒரு பலவீனம் உண்டு. நோயாளியின் விருப்பம் தமக்குத் தெரியும் என்று செவிலியர் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? எட்டு மணி நேரப் பணி முடிந்ததும் வேறொருவர் வருகிறார். செவிலியருக்கும் தம் நம்பிக்கைகளும் களைப்பும் உண்டு. 'இவரை இப்படிக் கஷ்டப்படுத்துகிறார்களே' என்ற இரக்கம் நோயாளியின் விருப்பமாகவே தோன்றிவிடும் ஆபத்து இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வாதாடுபவர் என்றால் எதிர்த்தரப்பு ஒன்று வேண்டும். இங்கே பல நேரம் அந்தத் தரப்பில் நிறுத்தப்படுவது குடும்பம். தாயின் மரணத்தை ஏற்க இன்னும் இரண்டு நாள் கேட்கும் மகளை எதிர்த்தரப்பாகப் பார்ப்பது நியாயமும் இல்லை, பயனும் தராது. 2011இல் ஜூடித் ஆடம்ஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட தொகுப்பாய்வு, வாதாடலை மூன்று பணிகளில் ஒன்றாக மட்டுமே வைத்தது. தகவலை இரு பக்கமும் கொண்டு சேர்ப்பதும் குடும்பத்துக்கு ஆதரவாக நிற்பதும் மற்ற இரண்டு. நடைமுறைக்கு இது நெருக்கமான வரைபடம்.

1995இல் ஓர் ஏமாற்றம்

குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் நடுவே, பயிற்சி பெற்ற செவிலியரை முழுநேரமாக நிறுத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஐந்து போதனா மருத்துவமனைகளில் 9,105 நோயாளிகளை உள்ளடக்கிய 'சப்போர்ட்' ஆய்வு இதைத்தான் சோதித்தது. முதல் கட்டத்தில் தெரிந்த நிலைமை கவலை தந்தது: இதய மீட்பு முயற்சி வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் விருப்பத்தை அறிந்திருந்த மருத்துவர்கள் 47 சதவீதம் மட்டுமே, மீட்பு வேண்டாம் என்ற ஆணைகளில் 46 சதவீதம் மரணத்துக்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் எழுதப்பட்டவை. இரண்டாம் கட்டத்தில் 4,804 பேரில் ஒரு பகுதியினருக்குத் தனிச் செவிலியர் ஒதுக்கப்பட்டார். அவர் நோயாளியிடமும் குடும்பத்திடமும் பலமுறை பேசினார், விருப்பங்களைக் கேட்டறிந்தார், மருத்துவரிடம் கொண்டுபோனார். 1995இல் முடிவு வெளியானபோது எந்த அளவுகோலிலும் முன்னேற்றம் இல்லை. ஆணைகள் முன்னதாக எழுதப்படவில்லை, வலி குறையவில்லை, தீவிர சிகிச்சையில் கழிந்த நாட்களும் குறையவில்லை.

இந்த முடிவைச் செவிலியரின் தோல்வியாகப் படித்தவர்கள் உண்டு. அது மேலோட்டமான வாசிப்பு என்று நினைக்கிறேன். ஆய்வு செவிலியரைச் சேர்த்தது. சிகிச்சை முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்ற வழக்கத்தைத் தொடவில்லை. செவிலியர் திரட்டிய தகவல் மருத்துவரின் மேசைக்குப் போனது, அதைக் கொண்டு அவர் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இதே வடிவத்தைப் பின்னால் வந்த ஆய்வுகளிலும் காணலாம். குடும்பக் கூட்டங்களைக் கவனித்த ஆய்வாளர்கள், செவிலியர்கள் கூட்டத்தில் பெரும்பாலும் மௌனமாக இருந்து, கூட்டம் கலைந்த பிறகே படுக்கையருகில் குடும்பத்தாருக்கு எல்லாவற்றையும் விளக்குவதை விவரித்திருக்கிறார்கள். உண்மையான உரையாடல் நடக்கும் இடத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள இடத்தில் செவிலியர் வாய் திறப்பதில்லை.

எப்படிக் கேட்பது

'சப்போர்ட்' தந்த ஏமாற்றத்துக்குப் பிறகு கவனம் உரையாடலின் நுட்பத்துக்குத் திரும்பியது. இறுதிக்காலப் பராமரிப்பில் செவிலியருக்கான பயிற்சித் திட்டம் ஒன்று 2000இல் அமெரிக்காவில் தொடங்கி, பிற்பாடு பல நாடுகளுக்குப் பரவியது. அங்கே கற்பிக்கப்படும் பலவற்றில் ஒன்று மிக எளியது, ஆனால் எல்லாவற்றையும் மாற்றக்கூடியது. "நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று குடும்பத்திடம் கேட்பதில்லை. "அவர் எப்படிப்பட்டவர்? இந்த நிலையில் தன்னைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்கிறார்கள். முதல் கேள்வி அப்பாவைக் கொல்வதா காப்பாற்றுவதா என்று மகனின் காதில் விழுகிறது. இரண்டாவது, அப்பாவின் குரலை நினைவுபடுத்தச் சொல்கிறது. தீர்ப்பு மகனுடையதாக இல்லாமல் போவதால் அவன் தோளிலிருந்து ஏதோ இறங்குகிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நோயாளி எதை விரும்புவார் என்று நெருங்கிய உறவினர் ஊகிப்பது 68 சதவீதமே சரியாக இருக்கிறது. மூன்றில் ஒரு முறை, அன்புள்ள குடும்பமும் தவறாகவே ஊகிக்கிறது.

நுட்பத்துக்கு ஆதரவான வலுவான சான்று பிரான்சிலிருந்து வந்தது. 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 126 குடும்பங்களை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், திட்டமிட்ட குடும்பக் கூட்டமும் துக்கத்தைப் பற்றிய ஒரு சிறு கையேடும் தரப்பட்டன. கூட்டத்தில் குடும்பத்தினர் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாக உயர்ந்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் 69 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைந்திருந்தன. மருத்துவமனை எதையும் அதிகமாகச் சொல்லிவிடவில்லை; அதிகமாகக் கேட்டது. 2010இல் மெல்போர்னிலிருந்து வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. எண்பதும் அதற்கு மேலும் வயதான 309 நோயாளிகளில் ஒரு பாதியினரோடு, பயிற்சி பெற்ற செவிலியர்களும் பிற பணியாளர்களும் குடும்பத்தை உடன் வைத்துக்கொண்டு முன்கூட்டியே பேசினார்கள். இறந்தவர்களில் 86 சதவீதத்தினரின் விருப்பம் அறியப்பட்டு நிறைவேறியது. மற்ற பாதியில் அது 30 சதவீதம்.

பிறகு வந்த முடிவுகள் இந்த உற்சாகத்தைத் தணித்தன. நோய் ஆதரவுச் சிகிச்சை (பேலியேட்டிவ் கேர்) நிபுணர்கள் நடத்திய குடும்பக் கூட்டங்களைப் பற்றிய 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் கவலை குறையவில்லை. மன அதிர்ச்சியின் அறிகுறிகள் சற்றே அதிகரித்தன. செவிலியர்கள் தலைமையில் 1,420 நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஆதரவு தந்த 2018ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் ஆய்வில் ஆறு மாதத்துக்குப் பின்னும் குடும்பத்தினரின் மனச்சுமை மாறவில்லை. ஆனால் உரையாடலின் தரம் உயர்ந்ததாகவும், சிகிச்சை நோயாளியின் மதிப்பீடுகளுக்கு நெருக்கமாக இருந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். தீவிர சிகிச்சையில் கழிந்த காலம் 7.4 நாளிலிருந்து 6.7 நாளாகக் குறைந்தது. ஆறு ஐரோப்பிய நாடுகளில் 1,117 புற்றுநோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்விலும் முன்கூட்டிய உரையாடல் வாழ்க்கைத் தரத்தை மாற்றவில்லை. முன்கூட்டிய திட்டமிடல் என்ற கருத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதன் முன்னாள் ஆதரவாளர்கள் சிலரே 2021இல் எழுதினார்கள்.

இந்த எதிர்மறை முடிவுகளை எடைபோடும்போது அளவுகோலையும் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை குடும்பத்தின் கவலையையும் மனச்சோர்வையும் அளந்தன. கணவனை இழந்த பெண் ஆறு மாதம் கழித்தும் துயரப்படுகிறார் என்பது உரையாடல் தோற்றதற்கான அடையாளமா? 2005இல் வெளியான இன்னொரு பிரெஞ்சு ஆய்வு சிக்கலைக் கூட்டுகிறது: சிகிச்சையை நிறுத்தும் முடிவில் பங்கெடுத்த உறவினர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோருக்கு மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. பங்கெடுத்ததால் துயரம் மிகுந்ததா, ஏற்கெனவே நெருக்கமானவர்களே பங்கெடுத்தார்களா என்பதை இந்த வகை ஆய்வால் பிரித்தறிய முடியாது. எல்லாக் குடும்பமும் முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ள விரும்புகிறது என்று கருதிக்கொள்வது தவறு என்பதை மட்டும் அது எச்சரிக்கிறது.

'அவருக்குத் தெரிய வேண்டாம்'

லாஸ் ஏஞ்சலிஸில் நான்கு இனங்களைச் சேர்ந்த 800 முதியவர்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வில், பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வழியினரில் 87 சதவீதம், கொரிய வழியினரில் 47 சதவீதம். ஒரே நகரத்தில், ஒரே மருத்துவ அமைப்புக்குள் இவ்வளவு இடைவெளி. நோயாளியின் தன்னுரிமையை மட்டும் மையமாக வைத்த செவிலியப் பயிற்சி இங்கே தடுமாறுகிறது.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ரிப்போர்ட் கையில் வந்ததும் உடனிருக்கும் உறவினர் முதலில் சொல்வது, "அவருக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்பதுதான். பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த சந்தோஷ் சதுர்வேதியும் பிரபா சந்திராவும் ஒரு கனடிய ஆய்வாளருடன் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரை, இந்த மறைப்பை உடைத்தெறிய வேண்டிய பொய்யாகப் பார்க்கவில்லை. அதை அன்பின் வெளிப்பாடாக ஏற்றுக்கொண்டு தொடங்கும் அணுகுமுறையே நோய் ஆதரவுச் சிகிச்சையில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. ஏன் மறைக்க விரும்புகிறீர்கள் என்று கேட்பது, மறைப்பதால் உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று கேட்பது, நோயாளி எதையாவது ஊகித்திருக்கிறாரா என்று அறிய அனுமதி கேட்பது எனப் படிப்படியாகப் போகிறது அது. பல நேரம் நோயாளிக்கு முன்பே தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருந்துவார்கள் என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். கிளேசரும் ஸ்ட்ராஸும் சொன்ன மூன்றாம் நிலை அதுவே.

இங்கே குடும்பம் என்பது ஒரே மனம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவும் பகலும் பார்த்துக்கொள்பவர் மருமகளாக இருப்பார். முடிவு சொல்பவர் மூத்த மகனாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். வெளிநாட்டிலிருந்து வருபவர் வரும்வரை வென்டிலேட்டரை எடுக்கக் கூடாது என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரும். தூரத்து உறவு திடீரென வந்து எல்லாம் செய்யச் சொல்லும் இந்த நிலைமையைக் கனடிய முதியோர் மருத்துவர்கள் 1991இலேயே ஓர் ஆய்விதழில் விவரித்திருக்கிறார்கள், அங்கே கலிபோர்னியாவிலிருந்து வரும் மகளாக. கூட்டத்தில் பேசாத மருமகளுக்குத்தான் நோயாளியின் மனம் தெரியும் என்பதைக் கவனித்திருக்கக்கூடியவர் செவிலியர் மட்டுமே. பணமும் இந்த உரையாடலுக்குள் இருக்கிறது. கையிருப்பு தீர்ந்ததால் நிறுத்துகிறோம் என்று சொல்லக் கூசி, வேறு காரணம் சொல்லும் குடும்பங்கள் உண்டு. மேலை நாட்டுப் பயிற்சி நூல்களில் இதற்கு ஆயத்தம் மிகக் குறைவு.

குடும்ப மைய நிலைப்பாட்டின் பலவீனம், கலாச்சாரம் என்ற பெயரில் நோயாளி முழுவதுமாக மறைந்துபோகலாம் என்பது. அதே லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் கொரிய வழியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்றார்கள். இனத்தை வைத்து ஒருவரின் விருப்பத்தை ஊகிக்க முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இந்தியச் சட்டத்தில்

இந்தியாவில் இறுதிக்கால முடிவுகள் பற்றிய சட்டம் ஒரு செவிலியரின் வாழ்விலிருந்து பிறந்தது. 1973இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்த அருணா ஷான்பாகை, 2015இல் அவர் இறக்கும்வரை அங்கே இருந்த செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தாளர் பிங்கி விரானியின் மனு மீது 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிகிச்சை நிறுத்தத்தைக் கொள்கையளவில் அனுமதித்தது. ஆனால் அருணாவுக்காகப் பேசும் தகுதி மனுதாரருக்கு அல்ல, மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அவர்கள் நிறுத்த வேண்டாம் என்றார்கள். பராமரித்தவர்களே குடும்பம் என்று நீதிமன்றம் ஏற்ற அரிய தருணம் அது. அவர்களுடைய பாசம் அருணாவின் விருப்பத்தின் இடத்தில் அமர்ந்துவிட்டதா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே எழுகிறது. வாதாடல் கோட்பாட்டின் வலிமையும் ஆபத்தும் இந்த ஒரே வழக்கில் தெரிகின்றன.

2018இல் 'காமன் காஸ்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முன்கூட்டிய மருத்துவ உயிலுக்கு அங்கீகாரம் தந்தது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது: மாஜிஸ்திரேட்டுக்குப் பதிலாக நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும், மருத்துவமனையின் முதல்நிலை வாரியத்தில் சிகிச்சை தரும் மருத்துவரும் இரு நிபுணர்களும் இருப்பார்கள், அதன் முடிவை இரண்டாம்நிலை வாரியம் சரிபார்க்கும். குடும்பத்தின் சம்மதம் தேவை. இந்த ஏற்பாட்டில் செவிலியருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அருணாவின் வழக்கில் தீர்மானமாக இருந்த குரலை, அதிலிருந்து வளர்ந்த நடைமுறையில் காணோம். நோயாளியின் குடும்பத்தோடு அதிகம் பேசியவரின் குறிப்பைக் கேட்டு வாங்கும்படி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

தீராதவை

இதுவரையான சான்றுகளை வைத்துப் பார்த்தால், செவிலியர் நடத்தும் உரையாடல் நோயாளியின் விருப்பத்தை வெளிக்கொணர உதவுகிறது என்பதற்கு மிதமான ஆதாரம் இருக்கிறது. குடும்பத்தின் துயரத்தை அது குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் இரு பக்கமும் இழுக்கிறது. சிகிச்சைக் குழுவுக்கு வெளியிலிருந்து வரும் செவிலியரைவிட, குழுவில் ஒருவராக இருந்து முடிவெடுக்கும் கூட்டத்தில் பேசும் செவிலியர் கூடுதலாகச் சாதிக்கக்கூடும் என்ற ஊகம் நியாயமானது. அதை நேரடியாக ஒப்பிடும் ஆய்வு வேண்டும். எதை அளப்பது என்பதிலும் உடன்பாடு இல்லை. குடும்பத்தின் மனநிலையா, விருப்பம் நிறைவேறியதா, இறந்தவர் வலியின்றி இறந்தாரா என்ற மூன்றும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை.

மேலே சொன்ன சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை செல்வ நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. நம்மிடம் வேறொரு களம் இருக்கிறது. கேரளம் 2008இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாகச் செவிலியர்களை வீடுகளுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அங்கே வாரியமும் இல்லை, குடும்பக் கூட்டமும் இல்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, வேண்டாமா என்று திண்ணையில் வைத்துக் கேட்கப்படும் கேள்விக்கு அந்தச் செவிலியர்தான் முகம் கொடுக்கிறார். அவர் சொல்லும் பதிலுக்குச் சட்டப் பாதுகாப்பு என்ன, நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்தால் குடும்பம் யாரை அழைப்பது, முன்பே பேசி வைத்தது மறுநாள் வரும் மருத்துவரைக் கட்டுப்படுத்துமா என்பவை, மருத்துவமனையை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட 2018, 2023 நெறிமுறைகளுக்குள் அடங்காத கேள்விகள்.